300 அடிக்குள் ஐந்து அலுவலகம்

2021 நவம்பர் மழையில் எங்கள் வார்டின் கடைசித் தெருவில் 11 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விடியற்காலை நாலு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ரேஷன் அரிசி மூட்டையெல்லாம் நனையுது, பள்ளிக்கூடத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்கள். நான் அப்போது கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினர். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. பதவி ஏற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது, அதில் பெரும்பகுதி கொரோனாவிலேயே போய்விட்டது. சாவியைத் தேடிப்பிடித்துப் பள்ளியைத் திறந்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் உள்ளே உட்கார வைத்தபோது ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டு போட்டோமே, இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணு" என்றார். பண்ணிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்துகொள்ளவே ஐந்து மாதம் ஆனது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே வயல்வெளியிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. அது தார்ச்சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலத்தின் வழியாக நுழைந்து, கடைசித் தெருவை ஒட்டி ஓடி, தாங்கலில் போய்ச் சேர்கிறது. சிறிய ஏரியை எங்கள் பக்கம் தாங்கல் என்போம். தாங்கல் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற வழிந்தோடும் இடத்தில் வழிந்து பெரிய ஏரிக்குப் போகும். சிறுபாலத்திலிருந்து தாங்கலின் வாய் வரைக்கும் 300 அடிக்கு மேல் இருக்காது. சின்னப் பிள்ளை ஓடினால் ஒரு நிமிடம்.

அந்த 300 அடியில் தார்ச்சாலையும் சிறுபாலமும் நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவின் சிமென்ட் சாலை எங்கள் கிராம ஊராட்சியுடையது. வாய்க்கால் ஓடும் நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு. தாங்கல் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஓரத்தில் நிற்கும் மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற பல்பு மட்டும் ஊராட்சியுடையது. தண்ணீருக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. இன்று இதைக் கடகடவென்று சொல்கிறேன். அன்று இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

மழை விட்ட மறுவாரம் ஒரு மனு எழுதினேன். "எங்கள் தெருவில் மழைநீர் தேங்கி வீடுகளுக்குள் புகுகிறது, உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." 40 பேர் கையெழுத்து. அதை நகல் எடுத்து, போகிற இடமெல்லாம் கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில், "பாலம் எங்களுடையதுதாம்மா, ஆனா பாலத்துக்குக் கீழ வாய்க்கால் அடைச்சிருந்தா நாங்க என்ன செய்யறது?" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் பெரிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வாய்க்கால் எங்க ஏரிக் கணக்குல வரல" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "ஆக்கிரமிப்பு இருக்கா இல்லையான்னு அளந்தாதான் தெரியும், அளக்க நாங்க ஆள் இல்ல" என்றார்கள். இணையத்தில் போட்ட மனுவுக்கு, "இது இத்துறை சார்ந்தது அல்ல" என்று ஒரு வரி எழுதி முடித்துவைத்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். பின்னால் காகிதங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டைப் பற்றிய உண்மையைச் சொன்னார்கள். முழு வாய்க்காலைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

அப்போது எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பதவி ஏற்ற புதிதில் கொடுத்த பயிற்சியில், அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலைத் தேடிப் படித்தேன். மூன்றாவதாகச் சிறுபாசனம் இருந்தது. 13-வதாக சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், நீர்வழிகள் என்று வரிசையாக இருந்தது. சிறுபாலம் என்ற சொல்லே அதில் இருக்கிறது! அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், "அப்படியானால் இது நம்முடையதுதானே சார்?" என்று கேட்டேன். அங்கிருந்த உதவியாளர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த 29-ஐயும் கொடுத்தாச்சுன்னு அதுல இல்லம்மா. மாநில அரசு சட்டம் போட்டுக் கொடுக்கலாம்னுதான் இருக்கு."

அவர் சொன்னது சரி. அரசியலமைப்பின் 243ஜி பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்று 7-வது அட்டவணை மூன்றாகப் பிரிக்கிறது. உள்ளாட்சிக்கு அங்கே தனிப்பட்டியல் கிடையாது. மாநிலப் பட்டியலில் ஐந்தாவது பொருளாக உள்ளாட்சி என்பதே இருக்கிறது. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம், ஊராட்சிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், இடஒதுக்கீடு, நிதி ஆணையம் என்று உறுதியான எலும்புக்கூட்டைக் கொடுத்தது. சதை எவ்வளவு என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 110-வது பிரிவை எல்லா வார்டு உறுப்பினர்களும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கிராமச் சாலைகளும் அந்தச் சாலைகளின் மேல் உள்ள சிறுபாலங்களும் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது அது. ஆனால் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஒன்றியச் சாலை என்று வகைப்படுத்தியவை அதில் சேராது. பாலம் தனியாக நிற்காது, சாலை யாருடையதோ பாலமும் அவர்களுடையது. எங்கள் தார்ச்சாலை மாவட்ட இதர சாலை, ஆகவே அது நெடுஞ்சாலைத் துறை.

29 பொருள்களைத் தாளில் எழுதி, கொடுப்பதை "கொடுக்கலாம்" என்று விட்டது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தெருவிலிருந்து ஓடுகிற தண்ணீரைத் தெருவில் இருப்பவர்களே பார்த்துக்கொள்ள ஆளும் காசும் அதிகாரமும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அந்த 11 வீடும் நனைந்திருக்காது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரிக்கு என்றே ஆட்கள். அதை நினைக்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும்.

சரி, வழி கிடைத்தது எப்படி என்று சொல்கிறேன். பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஒருவர் இருக்கிறார். என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "தண்ணி எங்க நிக்குதுன்னு எழுதாதீங்கம்மா. எங்க அடைச்சிருக்குன்னு எழுதுங்க. அந்த எடம் எந்த சர்வே நம்பர்னு போடுங்க."

எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி அந்த மூன்று வாக்கியம். என் மகன் கைப்பேசியிலேயே அரசின் இணையச் சேவையில், நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டைத் திறந்து காட்டினான். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் அந்த நிலம் பட்டாவா, அரசுப் புறம்போக்கா, புறம்போக்கு என்றால் வாய்க்காலா, ஏரியா, பாதையா, களமா என்று வந்துவிடுகிறது. இதற்குக் காசு எதுவும் இல்லை. சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம், அதாவது வி.ஏ.ஓ.விடம், கிராம வரைபடத்தைப் பார்க்கக் கேட்கலாம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வி.ஏ.ஓ. ஊராட்சித் தலைவருக்குக் கீழ் வேலை செய்பவர் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அவர் வருவாய்த் துறை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்று அது ஒரு ஏணி. ஊராட்சிச் செயலர், பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் என்று போவது வேறு ஏணி. இரண்டும் கலெக்டரிடம்தான் போய்ச் சேரும். நிலம், அளவு, ஆக்கிரமிப்பு என்றால் முதல் ஏணி. தெரு, விளக்கு, குடிநீர், சாக்கடை என்றால் இரண்டாவது. பி.டி.ஓ.விலும் ஒரு ஒன்றியத்துக்கு இரண்டு பேர் உண்டு, கிராம ஊராட்சிக்கு ஒருவர், வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு, ஒருவர். தாங்கல் ஒன்றியத்துடையது என்பதால் அதற்கு நான் பார்க்க வேண்டியவர் இரண்டாமவர். முதல் மூன்று மாதம் மற்றவர் அறை வாசலிலேயே நின்றிருக்கிறேன்.

ஏரி யாருடையது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். 2021 வரைக்கும் நீர்வளம் பொதுப்பணித் துறைக்குள் இருந்ததால் ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. ஏரி என்றே சொல்கிறார்கள். எங்கள் பெரிய ஏரி அந்த வகை. தாங்கல் ஒன்றியத்து ஏரி. எங்கள் வாய்க்கால் தாங்கலுக்குப் போகிறது, பெரிய ஏரிக்கு நேராகப் போகவில்லை. நீர்வளத் துறை அலுவலகத்து நோட்டில் அது இல்லாமல் போனது அதனால்தான்.

பிறகு 2022 மார்ச்சில் பழைய மனுவை ஓரமாக வைத்துவிட்டு நாலு மனு எழுதினேன். நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளருக்கு: கிலோமீட்டர் கல்லில் இருந்து எத்தனை மீட்டரில் இந்தச் சிறுபாலம் இருக்கிறது, அதன் அடியில் தண்ணீர் போகும் இரண்டு கண்ணில் ஒன்று முழுக்க மண்ணால் அடைத்திருக்கிறது. தாசில்தாருக்கு: இந்த சர்வே எண் வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும். ஒன்றியத்துக்கு: தாங்கலின் வாய்ப்பகுதி மேடு தட்டியிருக்கிறது. எங்கள் ஊராட்சிக்கு: தெருவோரச் சாக்கடை வாய்க்காலில் சேரும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை. அந்த அலுவலகத்தால் செய்ய முடிந்த வேலை மட்டும். ஒரு படம். "மற்ற மூன்று பகுதிகளுக்கு இன்னின்ன அலுவலகங்களில் மனு கொடுத்திருக்கிறேன்" என்று கடைசியில் ஒரு வரி. அந்தக் கடைசி வரி நன்றாக வேலை செய்தது. வேறு இடத்துக்குப் போகச் சொல்ல அதன் பிறகு யாருக்கும் இடம் இல்லை. நாலையும் ஒரே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, நாலுக்கும் தனித்தனி ரசீது வாங்கினேன்.

2022 ஏப்ரல் 24-ம் தேதி கிராம சபை கூடியது. வழக்கமாகக் கிராம சபை கூடும் மே 1-க்காகக் காத்திருந்தோம், ஊராட்சி தினத்துக்கு என்று முன்னதாகவே வந்தது. கிராம சபைத் தீர்மானத்தால் மற்ற துறைகளைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் அதை நான் விடவில்லை. தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது ஒரு வார்டு உறுப்பினரின் புகார் என்பது போய் ஊரின் முடிவு ஆகிவிடுகிறது. அதற்கு நானே எழுதிக்கொண்டு போனேன், நாலு துறைக்கும் நாலு தீர்மானம், சர்வே எண்ணோடு. தலைவர் முதலில் தயங்கினார். "ஏம்மா, எல்லாத்தையும் ஒரே தீர்மானமா போட்டுடலாமே" என்றார். தனித்தனியாகத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பதிவேட்டில் எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் பல ஊர்களில் உண்டு, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மே மாதம் சர்வேயர் வந்தார். நிலத்தின் அளவுகள் உள்ள புலப்படத்தை வைத்துக்கொண்டு சங்கிலியை இழுத்தார். வாய்க்கால் அகலம் படத்தில் 18 அடி, தரையில் சில இடத்தில் 7 அடி. மூன்று இடத்தில் சுவர், ஒரு இடத்தில் வைக்கோல்போர், ஒரு இடத்தில் மாட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகை என் பெரிய மாமனாருடையது. அளக்கச் சொல்லி மனுப் போட்டவள் நான், முதல் கல் விழுந்தது எங்கள் வீட்டாளுங்க கொட்டகைக்குள். அன்று இரவு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து என் கணவர்தான் போய், "பெரியப்பா, நாம எடுத்துட்டா மத்தவங்களும் எடுத்துடுவாங்க" என்று பேசினார். கொட்டகையை நாலு அடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்தோம், செலவு எங்களுடையது. சுவர் கட்டிய மூவரில் இருவர் தாசில்தார் நோட்டீஸ் வந்ததும் எடுத்தார்கள். மூன்றாமவர் எடுக்கவில்லை, இன்னும் இருக்கிறது. பெரிய மாமனார் பழையபடி பேச ஒரு வருடம் ஆனது.

கல் நட்ட பிறகு நூறு நாள் வேலையில் வாய்க்காலைத் தூர்வாரினோம். கூலிப் பணம் மத்திய அரசுடையது, வேலையைத் தீர்மானித்தது கிராம சபை, மதிப்பீடு போட்டதும் அளந்ததும் ஒன்றியத்துப் பொறியாளர், மண்வெட்டி பிடித்தது எங்கள் தெருப் பெண்கள். தண்ணீர் நுழைந்த 11 வீடுகளில் 8 வீட்டுப் பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். செப்டம்பரில் சிறுபாலத்தின் அடைத்த கண்ணையும் இயந்திரம் வைத்துத் திறந்துவிட்டார்கள்.

காசு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவர்களோடு வருகிற சண்டையில் பாதி இங்கேதான். "பேங்க்ல பணம் இருக்கு, ஏன் செய்ய மாட்டேங்கறீங்க?" என்று நானும் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். மத்திய அரசின் 15-வது நிதி ஆணையம் 2021 முதல் ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. அந்தப் பணம் கணக்கில் கிடந்தாலும் அதில் சாலை போட முடியாது. மீதி 40 சதவீதத்திலும் சம்பளம் கொடுக்க முடியாது. மாநில நிதி ஆணையப் பணத்தில் மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் முதலில் போகிறது. தன் விருப்பத்துக்குச் செலவழிக்க ஊராட்சிக்கு உண்மையில் இருப்பது வீட்டுவரி, தொழில்வரி போன்ற சொந்த வருமானம்தான், அது சின்ன ஊரில் எவ்வளவு வந்துவிடும்! அதனால் இப்போது "பணம் இருக்கா?" என்று கேட்பதில்லை, "இந்த வேலைக்குச் செலவு செய்யக்கூடிய பணம் எந்தக் கணக்கில் இருக்கு?" என்று கேட்கிறேன். நான் பதவியில் இருந்தபோது காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் இந்தக் கேள்வியைத் துணைத்தலைவரிடமும் கேட்க முடிந்தது.

வாய்க்காலுக்குப் பிறகு மற்றவையும் எளிதாகப் புரிய ஆரம்பித்தன. குடிநீரில், கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் தொட்டி வரைக்கும் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, தொட்டியில் இருந்தும் குழாயில் வரவில்லையா என்று முதலில் ஏறிப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஓடு உடைந்தால் ஒன்றியம், ஆசிரியர் பணியிடம் காலி என்றால் பள்ளிக் கல்வித் துறை. ரேஷன் கடையில் அரிசியின் பெரும்பகுதி மத்தியத் தொகுப்பிலிருந்து வருகிறது, எல்லாக் குடும்பத்துக்கும் என்று விரித்தது மாநிலம், கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவு. அரிசி சரியில்லை என்று ஊராட்சித் தலைவரைச் சூழ்ந்துகொண்டால் அவர் பாவம் என்ன செய்வார்.

எந்தச் சாலை யாருடையது என்பதற்கு ஓரத்தில் நிற்கும் கல்லைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது என்றால் ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும், அந்தத் தேதியைச் சாலை முனையில் உள்ள பலகையில் பாருங்கள். குழியை மூட அந்தப் பலகையே உங்கள் சாட்சி.

எதிலும் தெளிவு கிடைக்காதபோது தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தவறான அலுவலகத்துக்குப் போட்ட சாதாரண மனு அங்கேயே தூங்கலாம். தகவல் கேட்கும் மனுவை 6(3) பிரிவின்படி உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றல் கடிதமே "இது யாருடையது" என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் ஆகிவிடும்! "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்த சர்வே எண் வாய்க்கால் எந்த அலுவலகத்தின் பராமரிப்பில் உள்ளது, அதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் தேவை" என்று கேட்டேன், வந்தது. ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள்.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், எங்கள் பக்கம் கொட்டிய மழை 2021-ஐவிட அதிகம். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு சிறுபாலத்தில் போய் நின்றேன். இரண்டு கண்ணிலும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கடைசித் தெருவில் தண்ணீர் ஏறியது, இரண்டு வீட்டில் வாசற்படியைத் தாண்டியது, மற்ற ஒன்பதில் உள்ளே போகவில்லை. மறுநாள் மதியத்துக்குள் வடிந்துவிட்டது. அந்த இரண்டு வீடும் எடுக்காத அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருப்பவை.

2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். என் நோட்டில் இருந்த சர்வே எண்களையும் மனு ரசீதுகளையும் ஒரு செட் நகலெடுத்து ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தேன். ஒரு செட் அந்தத் தெருப் பெண்களிடம் இருக்கிறது. சுவருக்கான மனு தாசில்தாரிடம் நிலுவையில் இருக்கிறது, ரசீது அவர்களிடம்தான்.

இப்போது இன்னொரு வேலை. சிறுபாலத்தை ஒட்டி ஒரு புளியமரத்தின் கிளை மின்கம்பிமேல் சாய்ந்து கிடக்கிறது. கம்பி மின்வாரியத்துடையது. மரம் சாலையோரத்தில், எண் எழுதி, நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் நிற்கிறது. போன வாரம் மரத்தின் எண்ணையும் கம்பத்தின் எண்ணையும் படமெடுத்து இரண்டு மனு எழுதிவிட்டோம். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.